ஒன்பதாம் கேள்வி

பிக்கரிங். புதன்கிழமை. மைனஸ் பதினெட்டு.
நிலக்கீழ் வீட்டுக்கு இறங்கும் ஏழு படிகளிலும்
உப்புத் தூவியிருந்தது.
அதைப் பார்த்து ஏமாந்துதான் உள்ளே போனேன்.

தருமகுலசிங்கம், எழுபத்தாறு வயது,
இருபத்திரண்டு வருடம் கார்க் கதவுகளுக்கு
ரப்பர் விளிம்பு ஒட்டியவர்.
இடது காலின் இரண்டாம் விரலில் புண்.
காகித அளவுகோலை வைத்தேன்.
போன கிழமையைவிட ஒரு கோடு கூட.
"நோகுதா ஐயா?"
"காலுக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை."
காலுக்கு என்பதை
கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

சர்க்கரைக் குறிப்பேட்டை விரித்தேன்.
திங்கள் ஆறு புள்ளி எட்டு.
செவ்வாய் ஆறு புள்ளி எட்டு.
பத்தொன்பது நாளும் அதே எண்,
அதே பேனா, அதே சரிவு,
ஒரே இருப்பில் எழுதி முடித்தது.
சோதனைப் பட்டி டப்பாவின் முத்திரை உடையவில்லை.
விரலை வாங்கிக் குத்தினேன்.
பதினான்கு புள்ளி மூன்று.
"மெஷின் பிழை" என்றார்.

சுவரோரம் மீன்தொட்டி இருந்த இடத்தில்
வெளிறிய ஒரு நீள்சதுரம்.
"மகளின்ர பெடியனுக்குக் குடுத்திட்டன்."
டோஸ்டர் மேல்வீட்டுக்காரருக்கு.
பனிச்சப்பாத்து
யாருக்கென்று சொல்லவில்லை.
பெப்ரவரியில் பனிச்சப்பாத்தைக் கொடுப்பவர்
எங்கே நடக்கப்போகிறார்?

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி
ஆங்கிலத்தில் முதுகு நிமிர்ந்து நிற்கும்.
தமிழில் அதற்குச் சுற்றுப்பாதைதான்.
பத்திரிகை தவறான முடிவு என்று மூடும்.
கோயில் வாசலில் ஆண்டவன் எடுக்கட்டும் என்பார்கள்,
சாப்பாட்டு மேசையில் இனி இருந்தென்ன என்பார்கள்.
உச்சுக்கொட்டிவிட்டு
குழம்பை நகர்த்துவோம் நாங்கள்.
கேட்டால் நினைப்பு வந்துவிடுமாம்.
எப்போதோ வந்து, நின்றபடியே இருக்கும் அதற்கு
கேட்பவர் ஒரு கதிரை போடுகிறார், அவ்வளவுதான்.

கையுறையைக் கழற்றினேன்.
"ஐயா, உங்கட உயிரை நீங்களே
முடிக்க வேணும் எண்டு நினைக்கிறீங்களா?"

குளிர்ப்பெட்டி இரைந்தது.
நின்றது.
மறுபடி இரையத் தொடங்கியது.

"ஓம்."
தேத்தண்ணி வேணுமா என்றதற்குச் சொல்வதுபோல.
பிறகு மெல்ல, கட்டுப்போட்ட காலைப் பார்த்து,
"இப்பிடி ஒருத்தரும் கேக்கேல்ல."

மூன்று மணி வீட்டுக்கு வர முடியாதென்று சொல்லிவிட்டேன்.
மேற்பார்வையாளரிடம் பேசினேன், அவர் காதுபடவே.
ஒளித்துப் பேச என்ன இருக்கிறது.
இன்சுலினை இனி மகள் வைத்துக் கொடுப்பாள்,
மருந்தகம் கிழமைக்குக் கிழமை அனுப்பும்.
மகள் லதாங்கி நானூற்றியொன்றில், நெரிசலில்,
ஒவ்வொரு வெளிவழியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.
இன்று இரவு வைத்தியசாலை. அவரும் சம்மதித்தார்.
குளிர்ப்பெட்டிக் கதவில்
ஒன்பது எட்டு எட்டு என்று பெரிதாக எழுதப் பேனா தேடி
லாச்சியை இழுத்தேன்.

பொட்டாசியம் அயோடைட்.
ஏரிக்கரை அணுநிலையத்துக்கு ஏதும் நடந்தால் விழுங்கவென்று
அரசாங்கம் வீடு வீடாக அனுப்பிய பெட்டி.
காலாவதித் தேதிக்கு அடியில்
சிவப்பில் கோடிட்டிருந்தார்.

"எல்லாத்தையும் குடுத்துப்போட்டு
இதை ஏன் வச்சிருக்கிறீங்க?"

பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தேவைப்பட்டா..." என்றார்.
தன் வாயிலிருந்து விழுந்ததைத்
தானே கேட்டவர்போல் நிமிர்ந்தார்.
சிரித்தார். பல்செட் போடாத சிரிப்பு.
சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார்.
நான் காலைப் பிடித்திருந்தேன்,
உணர்ச்சி இல்லாத அந்தக் காலை.

பதினாறு நாள் கழித்து, காலை ஏழு பத்து.
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
மகள் வீட்டு எண்.
வணக்கம் இல்லை, சுகமா இல்லை.
"பதினொன்று புள்ளி ஒன்பது."

கூடாத எண்தான்.
மெஷினில் பிழை சொல்லவில்லை அவர்.
வைத்துவிட்டார்.